உங்கள் மாத்திரை டப்பாவுக்குள் ஒரு செடி இருக்கிறது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் மூலிகை மருந்தாகுமா, இல்லை அது வெறும் நம்பிக்கையா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், இலையும் பட்டையும் பாட்டி காலத்து ஆறுதல், மருந்து என்றால் அது ஆய்வுக்கூடத்திலிருந்துதான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சரி, அந்த ஆய்வுக்கூடத்துக்கே போவோம்.

இங்கே சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடுகிறவர்கள் கொஞ்சம் கை தூக்குங்கள். பாருங்கள் நடுவர் அவர்களே, எத்தனை கை! ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு செடி உண்டு, நம் அவரை, துவரையின் குடும்பம். அதிலுள்ள கலேகின் என்ற பொருளை 1920களில் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறைந்தது, ஆனால் உடம்பு அதன் நஞ்சைத் தாங்கவில்லை. அதே வேதிக் குடும்பத்தில் உடம்பு தாங்கக்கூடியதாக அமைந்ததுதான் மெட்ஃபார்மின். 1957-இல் பிரான்ஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். இன்று உங்கள் சட்டைப்பையில் இருப்பது அதுதான்.

இன்னொன்று சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. 1835-இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை வெளியே போகிறது என்பதை 1886-இல் ஜெர்மனியின் வான் மேரிங் கண்டுபிடித்தார். சிறுநீரகம் சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சும் வழியை அது அடைத்துவிடுகிறது. அந்தப் பட்டைப் பொருளை மாதிரியாக வைத்து, நூறு வருஷத்துக்கும் மேலான பிறகு, டபாக்ளிஃப்ளோசின் மாதிரியான மாத்திரைகளை உருவாக்கினார்கள். சர்க்கரைக்கு வந்த அந்த மருந்து, சர்க்கரையே இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் பலன் தருகிறது என்று 2019-இல் பெரிய ஆய்வு ஒன்றில் தெரிந்தது. ஒரு மரப்பட்டையில் தொடங்கியது இரண்டு நோய்க்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது ஐயா, இதற்கு மேல் நான் என்ன சாட்சி கொண்டுவர?

நம் நாட்டிலிருந்தும் சாட்சி உண்டு. சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 1931-இல் கல்கத்தா மருத்துவர்கள் எழுதினார்கள். உலகம் கவனிக்கவில்லை. 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல் தன் நோயாளிகளின் கணக்கை இங்கிலாந்து இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற இரத்த அழுத்த மருந்து பிரிக்கப்பட்டது.

எதிரணியில் தங்கை ஒருவர் கேட்டார், "மருந்தை நிறுத்திவிட்டுப் பொடி தின்றவர்கள் கதை தெரியுமா?" என்று. தெரியும் அம்மா. என் அப்பாவே அப்படித்தான். மூன்று மாதத்தில் சர்க்கரை அடியோடு போய்விடும் என்று ஒருவர் சொன்னதை நம்பி மாத்திரையை நிறுத்தினார், காலில் வந்த புண் ஆறவே இல்லை, ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் மாத்திரையை நிறுத்து என்று சொன்னது செடி இல்லையே, அளவும் தெரியாமல் சோதிக்கவும் செய்யாமல் விற்ற மனிதர்தானே! மஞ்சள் அரளி விதையில் இருக்கும் நஞ்சும், இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்சினும் ஒரே வகைதான். அரளி விதையைத் தின்று இலங்கையில் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். செடி என்றால் தீங்கே செய்யாது என்று எங்கள் அணி ஒருபோதும் சொல்லாது.

அந்த டிகாக்சின் வகை மருந்து எப்படி வந்தது? இங்கிலாந்தில் ஒரு மூதாட்டி உடம்பு வீக்கத்துக்குக் கொடுத்த இருபது மூலிகைக் கலவையில், வேலை செய்வது டிஜிடாலிஸ் என்ற ஒரே செடிதான் என்று வில்லியம் விதரிங் பிரித்துப் பார்த்தார். பத்து வருஷம் கொடுத்து, அளவு பார்த்து, பலிக்காதவற்றையும் சேர்த்து எழுதி 1785-இல் வெளியிட்டார்.

நம் ஊருக்கும் அந்தப் பத்து வருஷம்தான் தேவை. சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணல் மாதிரி இருக்கும், செய்து பாருங்கள். அதன் சாற்றைச் சென்னை ஆய்வாளர்கள் 22 நோயாளிகளுக்கு மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தார்கள், அவர்களில் ஐந்து பேர் மாத்திரை இல்லாமலே சமாளித்தார்கள் என்று 1990-இல் எழுதினார்கள். கோவை இலையை 2008-இல் பெங்களூரில் 60 பேரிடம் சோதித்தார்கள். மருதம்பட்டையை இந்தூரில் இதயச் செயலிழப்புக்குக் கொடுத்துப் பார்த்து 1995-இல் வெளியிட்டார்கள், ஆனால் நோயாளிகள் பன்னிரண்டே பேர். எல்லாமே சின்ன ஆய்வுகள்தான், ஒத்துக்கொள்கிறேன். கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பிய குக்குலு என்ற மரப்பிசின், 2003-இல் அமெரிக்காவில் சோதித்தபோது கெட்ட கொழுப்பைக் கூட்டவே செய்தது, அதையும் மறைக்கவில்லை. சோதித்ததால்தானே அது தெரிந்தது?

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பூவைச் சாலையோரம் விட்டுவிட்டோம். எத்தனை பேருக்கு, எத்தனை கிராம், எத்தனை நாள், கிட்னிக்கும் கல்லீரலுக்கும் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் எங்கள் அணி கேட்கிறது. மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, உட்காருகிறேன். கை தூக்கிய பெரியவர்களே, இன்றைக்கு ராத்திரி மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.