ரிட்டயர் ஆன பொம்பளைக்குன்னு ஒரு நேரம் வேணும்ங்க – பட்டிமன்றப் பேச்சு

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில உக்காந்து என்னையவே முறைச்சுக்கிட்டு இருக்க அக்காமார்களுக்கும், மார்கழிப் பனியில மப்ளரைக் கட்டிக்கிட்டு வந்திருக்க பென்ஷனர் சொந்தங்களுக்கும் வணக்கம்ங்க.

தலைப்பு இதுதான். "பணி ஓய்வு பெற்ற பெண்ணின் நலத்தைக் காப்பது குடும்பத்தின் அரவணைப்பே? அவள் தனக்கென வைத்துக்கொண்ட நேரமே?" நான் நேரத்தோட கட்சி. எனக்கு முன்னாடி பேசின அக்கா அரவணைப்பு அரவணைப்புன்னு அழகா பேசுனாங்க, முன்வரிசையில ரெண்டு பேரு கண்ணைத் தொடச்சாய்ங்க. நானும் பாத்தேன். ரெண்டு பேருமே ஆம்பளைங்க ஐயா!

இன்னைக்கு டிசம்பர் 17. 1982ல இதே தேதியிலதான் நகாரா வழக்குல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு, பென்ஷன்ங்கிறது அரசாங்கம் இரக்கப்பட்டுப் போடுறது இல்ல, உழைச்சவங்க உரிமைன்னு. அதுக்குத்தான் ஓய்வூதியர் தினம்னு இந்தப் பந்தலப் போட்டு வடை காபி குடுத்து நம்மளயும் பேச விட்டிருக்காய்ங்க. சரி, பணத்துக்கு உரிமை வந்துருச்சு. அந்தப் பணத்த வாங்குற பொம்பளையோட பொழுதுக்கு உரிமை யாருகிட்ட இருக்கு? அதத்தான் நான் கேக்க வந்தேன்.

நான் கிராம சுகாதார செவிலியரா இருந்து ரிட்டயர் ஆனவ. உசிலம்பட்டிப் பக்கம் நர்சம்மான்னா எல்லாருக்கும் தெரியும். ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு அஞ்சாயிரம் சனம்னு கணக்கு, அந்த அஞ்சாயிரம் பேர்ல யாரு முழுகாம இருக்கா, யாரு வீட்டுப் பிள்ளைக்கு தடுப்பூசி பாக்கி, யாருக்கு பிரசர்னு எல்லாம் விரல் நுனியில இருக்கும். நம்ம தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 58னு இருந்த ரிட்டயர்மெண்ட் வயச 2020ல 59 ஆக்குனாங்க, 2021ல 60 ஆக்குனாங்க. சர்வீஸ் நீளுதேன்னு அப்ப முனங்குன பல பேரு இன்னைக்கு இன்னும் ரெண்டு வருசம் போட்டிருக்கக் கூடாதான்னு ஏங்குறாளுக. ஏன்னு கேளுங்க. ஆபீஸ்ல பதினோரு மணிக்கு டீ வரும் ஐயா. அது ஒண்ணுதான் அவ வாழ்க்கையில அவ போடாத டீ.

ஆம்பளை ரிட்டயர் ஆகுறத நாம எல்லாரும் பாத்திருக்கோம். மறுநாளு ஈசிசேர் வரும், பேப்பர் வரும், ரெண்டாவது காபி வரும். பொம்பளை ரிட்டயர் ஆனா என்ன நடக்கும் தெரியுமா, மாலையோட வீட்டுக்கு வந்து சந்தன மாலையக் கழட்டி சாமி படத்துக்குப் போட்டுட்டுத் திரும்புறதுக்குள்ள, பாத்திரம் கழுவ வர்ற அக்காவ நிப்பாட்டிருவாய்ங்க. "அதான் அம்மா வீட்லதான இருக்கப் போறாங்க". முடிஞ்சுச்சு. முப்பது வருசமா ரெண்டு வேலை பாத்தவளுக்கு ஒரு வேலை போச்சு, மிச்சம் இருந்த வேலை டபுள் ஆயிருச்சு. அதுவும் சம்பளம் இல்லாத வேலை, லீவு லெட்டர் குடுக்க முடியாத வேலை.

இது என் வீட்டுக்கத, உன் வீட்டுக்கதன்னு நினைச்சிராதீங்க. மத்திய அரசு 2024ல நாட்டு மக்கள் நேரத்த எப்படிச் செலவழிக்கிறாங்கன்னு சர்வே எடுத்துச்சு. வீட்டு வேலை பாக்குற பொம்பளைங்க ஒரு நாளைக்கு சராசரியா 289 நிமிஷம் பாக்குறாங்க. ஆம்பளைங்க 88 நிமிஷம். ஆகா பரவால்லையேன்னு கை தட்டிராதீங்க ஐயா, அந்த 88 வீட்டு வேலை செய்யுற ஆம்பளைங்களுக்கு மட்டும் போட்ட கணக்கு. பேப்பர் படிக்கிறவரு அந்தக் கணக்குக்குள்ளயே வர மாட்டாரு.

எதிரணி அக்கா ஒரு பாயிண்ட் வச்சாங்க. வீட்டு வேலையே எக்சர்சைஸ்தான், எங்க அப்பத்தா ஆட்டுக்கல்லு அம்மியோடவே தொண்ணூறு வயசு இருந்துச்சு, எந்த ஜிம்முக்குப் போச்சுன்னு. நான் மறுக்கல. உலக சுகாதார நிறுவனமே வீட்டு வேலையையும் உடல் அசைவுக் கணக்குல சேக்கத்தான் செய்யுது. ஆனா அக்கா அதோட நிப்பாட்டிட்டாங்க. 65 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு அதே நிறுவனம் சொல்றது என்னன்னா, வாரத்துக்கு 150 நிமிஷமாவது மூச்சு கொஞ்சம் வாங்குற மாதிரி அசைவு வேணும், அதுக்கு மேல தசைக்கு பலம் குடுக்குற பயிற்சி ரெண்டு நாளாவது வேணும், விழாம நிக்கிறதுக்கான பேலன்ஸ் பயிற்சி மூணு நாளு வேணும். தோசைக்கல்லு முன்னாடி ஒரே எடத்துல ஒன்றரை மணி நேரம் நிக்கிறதுல இதுல எது இருக்கு? மூட்டு தேயுது, காலு வீங்குது, நரம்பு சுருட்டிக்குது, அம்புட்டுத்தான். நம்ம அப்பத்தா ஆட்டுக்கல்லோட நிக்கலக்கா, கண்மாய்க்கரையில நடந்துச்சு, காட்டுல குனிஞ்சு நிமிந்துச்சு, தரையில உக்காந்து எந்திரிச்சுச்சு. நீங்க மிக்சியில சுவிட்ச் போட்டுட்டு அப்பத்தா பேரச் சொல்லக்கூடாது.

எலும்புக்கு வருவோம், இதுதான் நான் வருசக்கணக்கா வீடு வீடாச் சொன்ன விஷயம். மாதவிடாய் நின்ன பெறகு அஞ்சுலருந்து ஏழு வருசத்துக்குள்ள ஒரு பொம்பளை தன் எலும்பு அடர்த்தியில 20 சதவீதம் வரைக்கும் இழக்கலாம். நம்மூர்ல நாப்பத்தாறு நாப்பத்தேழுலயே நின்னுருது, அப்ப ரிட்டயர் ஆகுறப்ப அந்த இழப்பு ஏற்கனவே நடந்து முடிஞ்சிருக்கும். அந்த எலும்ப வச்சுக்கிட்டுத்தான் பேரனைத் தூக்கி இடுப்புல வச்சு, அவன் ஸ்கூல் பேக்க தோள்ல மாட்டி, ரெண்டு மாடி ஏறுறா. ஐசிஎம்ஆர்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ல போட்ட கணக்குல பொதுவா பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம்னா மாதவிடாய் நின்ன பொம்பளைக்கு 1200. கேழ்வரகு நூறு கிராம்ல முன்னூறுக்கு மேல இருக்கு, மோர் இருக்கு, முருங்கைக்கீரை இருக்கு, எள்ளு இருக்கு. எல்லாம் நம்ம வீட்லயே இருக்கு. பேரனுக்கு ராகி மால்ட் ஆத்திக் குடுப்பா, வீட்டுக்காரருக்கு கேப்பைக்கூழ் கரைச்சு வைப்பா, இவ தட்டுல என்ன இருக்கும்னா நேத்து ராத்திரி சாம்பாரும் அடிப்புடிச்ச சோறும். அரவணைப்பு ரொம்ப உள்ள வீட்லதான் ஐயா இது ஜாஸ்தி நடக்குது! கடைசியா சாப்புடுறவ பெரிய மனுசின்னு பேரு வேற.

இன்னொன்னு சொல்லணும், பந்தல்ல ஆம்பளைங்க இருக்கீங்க, இருந்தாலும் நர்சம்மா சொல்லாம யாரு சொல்றது. தும்முனா இருமுனா ரெண்டு சொட்டு ஒண்ணுக்கு வந்துருதுன்னு எத்தன பேரு வெளிய வர்றதையே நிப்பாட்டிருக்காளுக தெரியுமா. கோயிலுக்குப் போகல, கல்யாணத்துக்குப் போகல, பஸ் ஏறப்போறோம்னு காலைல இருந்து தண்ணி குடிக்கல. தண்ணி குடிக்காம இருந்தா நீர்க்கடுப்பு வந்து அது இன்னும் கெட்டுப் போகும். இதுக்கு வைத்தியம் இருக்கு, ஒண்ணுக்க அடக்குற மாதிரி அந்தத் தசையச் சுருக்கி விரிக்கிற பயிற்சி இருக்கு, முறையா சொல்லிக் குடுப்பாங்க. அதே மாதிரி மாதவிடாய் நின்னு ஒரு வருசத்துக்கு மேல ஆனவளுக்கு மறுபடி ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் சூட்டுலதான்னு வெந்தயத்தப் போட்டுட்டுப் படுக்கக்கூடாது, டாக்டர்ட்ட காட்டியே ஆகணும். காட்டுறாளா? "இந்த வாரம் பேத்திக்கு பரீட்சை, அடுத்த வாரம் போறேன்". அந்த அடுத்த வாரம் ஆறு மாசம் கழிச்சு வந்த கேஸெல்லாம் நான் கூட்டிட்டுப் போயிருக்கேன் ஐயா. அதுக்கு மேல அத இங்க சொல்ல வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்கு கூட வர குடும்பம் இருக்குன்னு எதிரணி சொல்லும். வரும், விழுந்த பெறகு வரும். நாலு பேரு சேந்து தூக்கிட்டு வருவாய்ங்க. விழாம இருக்குறதுக்கு அவளே வந்துபோக ஒரு மணி நேரம் விட்டீங்களாங்கிறதுதான் கேள்வி. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் வந்துச்சு, பிரசர் மாத்திரை, சுகர் மாத்திரை வாசலுக்கே வருது. நல்ல திட்டம், நானே பக்கத்துல இருந்து பாத்தேன். மாத்திரைதான் வாசலுக்கு வரும், நடை வருமா? நடக்குறதுக்கு அவதான வாசல்படியத் தாண்டணும்.

அடுத்து எதிரணித் தலைவர் பெரிய குண்டு ஒண்ணு போட்டாரு. நம்ம மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி டாக்டர் வெங்கடசாமிய எடுத்துக்கங்க, 58 வயசுல கவர்மெண்ட் சர்வீஸ்ல ரிட்டயர் ஆகி 1976ல பதினோரு படுக்கையோட ஆரம்பிச்சாரு, தங்கச்சி, தங்கச்சி மாப்பிள்ளைன்னு குடும்பமே கூட நின்னுச்சு, பாத்தீங்களா குடும்பத்தோட பலத்தைன்னாரு. கைதட்டல் பிச்சுக்கிச்சு. நானும் தட்டுனேன். ஆனா தலைவரே, நீங்க சொன்னது எங்க கட்சிக்குத்தான பாயிண்ட்டு! அவரு தனக்குன்னு ஒரு சோலிய முடிவு பண்ணுனாரு, குடும்பம் அவரு சோலிக்குப் பின்னாடி வந்துச்சு. நம்ம வீட்டுப் பொம்பளைக்கு குடும்பம் பின்னாடி வருதா, இல்ல குடும்பத்துக்குப் பின்னாடி அவ டிபன் பாக்ஸத் தூக்கிட்டு ஓடுறாளா? அந்த டாக்டர் ஐயா ரிட்டயர் ஆன மறுநாள் யாராச்சும் வந்து, சும்மாதான இருக்கீங்க, போயி கேஸ் புக் பண்ணிட்டு அப்படியே பாப்பாவ வேன்ல ஏத்தி விட்ருங்கன்னு சொல்லியிருந்தா அண்ணா நகர்ல அந்த ஆஸ்பத்திரி வந்திருக்குமா?

பொம்பளையில சொல்லணும்னா அழகர்கோயில் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மா. வயக்காட்டுல கூலி வேலை பாத்தவங்க, களஞ்சியம்னு பொம்பளைகள கூட்டி வச்சு சிறுசேமிப்பு நடத்துனவங்க, பிரதமர் வாஜ்பாய் டில்லி மேடையில அவங்க காலத் தொட்டுக் கும்புட்டாரு, 2019ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. ஊர் ஊராப் போயி கூட்டம் போடுற பொழுதெல்லாம் யாரும் தட்டுல வச்சுக் குடுத்ததா? எடுத்துக்கிட்டது.

நான் ஒண்ணும் வீட்டை விட்டு ஓடிப்போகச் சொல்லல ஐயா. பேரன் பேத்திய எனக்கும் புடிக்கும், என் பேத்தி கன்னத்தக் கிள்ளுனா அன்னைக்கு பிரசர் மாத்திரையே வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கேக்குறேன். காலைல ஆறுலருந்து ஏழுன்னா ஆறுலருந்து ஏழு, அந்த நேரத்துல காபி பொடி எங்க இருக்குன்னு கேட்டு போன் வரக்கூடாது. நடக்குறதுக்கு நம்ம மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானம் இருக்கு. மீனாட்சி கோயிலச் சுத்தி சித்திரை வீதியில வண்டி வராது, கல்லு பாவி வச்சிருக்கு, அம்மன் கோபுரத்தப் பாத்துக்கிட்டே நடக்கலாம். வெயில் நேரம்னா நத்தம் ரோட்டுல கலைஞர் நூலகம் இருக்கு, 2023 ஜூலைல தொறந்தது. 2021 மே மாசத்துல இருந்து சாதா டவுன் பஸ்ல பொம்பளைக்கு காசும் கெடையாது. போக எடம் இருக்கு, பஸ் இருக்கு, பென்ஷன் இருக்கு. நேரம்தான் ஐயா இல்ல.

நடக்க முடியாதவ நாற்காலியில உக்காந்து ஒரு கால நேரா நீட்டி பத்து எண்ணி இறக்கட்டும், அடுத்து இன்னொரு காலு. தொடை தசை பலமானா முழங்கால் வலி குறையும். கையூனாம நாற்காலிய விட்டு எந்திரிச்சு எந்திரிச்சு உக்காரட்டும். செவத்தப் புடிச்சுக்கிட்டு ஒத்தக்காலுல நிக்கட்டும். எதுவும் காசு இல்ல. ஆனா அவ நாற்காலியில உக்காந்த உடனே "அம்மா, சும்மாதான இருக்க, இந்த வெங்காயத்த உரிச்சுக் குடு"ன்னு ஒரு குரல் வரும் பாருங்க, அங்கதான் ஐயா நம்ம அரவணைப்பு மாட்டிக்கிட்டு முழிக்குது.

இதுல ஏடிஎம் கார்டு கத வேற. அவ பென்ஷன், கார்டு மகன் பர்சுல. மூக்குக்கண்ணாடி மாத்தணும்னா மகன்ட்ட சொல்லணும், மகன் மருமகள்ட்ட சொல்லணும், அங்க இருந்து சாங்ஷன் ஆகி வர்றதுக்குள்ள கண்ணுல புரையே முத்திரும். ட்ரஷரி எவ்வளவோ வெரசா இருந்துச்சு ஐயா! கார்டு அவ கையில இருந்தாத்தான் அவ நேரமும் அவ கையில இருக்கும், நான் பாத்த வரைக்கும் இது ரெண்டும் ஒண்ணாத்தான் போகும், ஒண்ணாத்தான் வரும்.

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுக்கிறேன். எனக்கு அடுத்து எதிரணியில இருந்து பேசப்போற மதினிக்கு ஒரே ஒரு சவால். நாளைக்கு காலைல ஆறு மணிக்கு ரேஸ் கோர்ஸ் கேட்டு முன்னாடி நான் நிப்பேன். நீங்களும் வாங்க. வர்றதுக்கு முன்னாடி வீட்ல யாருட்டயும் கேக்கக்கூடாது, யாருக்கும் காபி போட்டு வைக்கக்கூடாது, செல்போனை வீட்லயே வச்சுட்டு வரணும். அரவணைப்பு உள்ள குடும்பம்தான, வந்துருங்க பாப்போம். நீங்க வந்து நின்னுட்டா எங்க அணி தோத்துருச்சுன்னு நடுவர் ஐயாட்ட நானே எழுதிக் குடுத்துர்றேன். வணக்கம்ங்க.