பாலையா கேட்டுக்கொண்டிருந்தார்

(கோவில்பட்டியில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, என்னிடம் இல்லாத பெருமைகளையெல்லாம் சேர்த்து அறிமுகம் செய்த செயலாளர் அவர்களே, இந்த அறையைப் பூட்டாமல் நமக்காகக் காத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, சீரியல் நேரத்தில் வீட்டை விட்டு வந்திருக்கும் தாய்மார்களே, ஒலிபெருக்கி அமைத்த தம்பி அவர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்தீர்கள். நல்ல வழக்கம். எனக்கு ஒதுக்கிய அரை மணி நேரத்தில் பாதியைத் தலைவர் ஐயா தம் உரையிலேயே செலவழித்துவிட்டார். அவரிடம் படித்தவன் நான், குறை சொல்ல முடியாது.

நல்ல நடிப்பு, பார்க்கிறவரை என்ன செய்கிறது என்பது தலைப்பு. உடல், குரல், முகம் என்று மூன்றாகப் பிரித்துப் பேசலாம் என்று குறிப்பு எடுத்து வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் நான் எந்த மேடையிலும் விடாமல் சொல்கிற பழமொழி ஒன்று உண்டு. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். நடிப்புக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் எனக்குத் தெரியாது.

முதலில் உடல். இங்கிருந்து தெற்கே நாற்கரச் சாலையில் போனால் கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். அங்கே நிற்கிற சிலையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நிலத்தை வாங்கி, அந்தச் சிலையை 1970-ல் நிறுவியவர் சிவாஜி கணேசன். கண்ணை மூடிக்கொண்டு கட்டபொம்மனை நினைத்துப் பாருங்கள். யார் முகம் வருகிறது? இந்தச் சீமையில் பிறந்து, பாஞ்சாலங்குறிச்சிக் கதையைப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவனுக்கும் 1959-ல் வந்த படத்தின் முகம்தான் வருகிறது. நடை, மீசை, நிமிர்ந்த கழுத்து எல்லாம் சிவாஜியுடையவை. வரலாற்று ஆசிரியர்கள் வருத்தப்படலாம். அந்த வேடத்தைச் சினிமாவுக்கு முன்பே மேடையில் போட்டுப் போட்டு உடம்பில் ஏற்றியிருந்தார் அவர். சிறுவனாக நாடகக் கம்பெனிக்குப் போனவர், பெண் வேடம் உட்படக் கிடைத்ததையெல்லாம் ஆடியவர். சட்டி நிறைய இருந்தது. அகப்பையில் வந்தது.

உடலைப் பற்றி இவ்வளவு போதும். நான் உண்மையில் பேச வந்தது முகத்தைப் பற்றி. அதிலும் பேசுகிற முகமல்ல, கேட்கிற முகம்.

டி.எஸ். பாலையா நம் தெற்கத்திச் சீமைக்காரர். 1936-ல் 'சதி லீலாவதி'யில் தொடங்கியவர். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். 'திருவிளையாட'லில் ஹேமநாத பாகவதராக வந்து, மதுரையையே விலைக்கு வாங்கியவர்போல் உட்கார்ந்திருப்பார். விறகு விற்கிறவனாக வந்த சிவபெருமானின் பாட்டைக் கேட்டதும் அந்த முகத்திலிருந்து கர்வம் கொஞ்சம் கொஞ்சமாக வடியும். பாட்டு சிவாஜியுடையது. ஆனால் அது தெய்வப் பாட்டு என்று நம்மை நம்ப வைப்பது பாலையாவின் முகம். அவர் பயப்படாவிட்டால் நமக்கு அது வெறும் நல்ல பாட்டு, அவ்வளவுதான்.

1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யை எடுத்துக்கொள்ளுங்கள். சினிமா எடுக்கப்போவதாகச் சொல்லித் திரிகிற மகன் நாகேஷ், அப்பா பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்கிறார். சத்தமெல்லாம் வாயாலேயே கொடுக்கிறார். சிரிப்பு எங்கிருந்து வருகிறது? நாகேஷிடமிருந்து என்பீர்கள். பாதிதான் சரி. பாலையா அங்கே சிரிப்பு மூட்ட ஒன்றுமே செய்யவில்லை. உண்மையாகவே பயப்படுகிறார். நமக்கு அது வேடிக்கை, அவருக்கு அது நிஜம்.

இதை எனக்குப் புரியவைத்தது எந்த விமர்சகரும் அல்ல. எங்கள் ஊர் மாட்டு வண்டிக்காரர் ஒருவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். ஊர் முழுக்க அவருக்கு மாமாதான். கோவில்பட்டியிலும் மதுரையிலும் ஓடி முடித்து, நாலு மாவட்டம் சுற்றி, கடைசியில்தான் படம் எங்கள் டூரிங் கொட்டகைக்கு வரும். வரும்போது பிலிம் முழுக்கக் கீறல் விழுந்து, திரையில் மழை பெய்யும். வெயில் காட்சியிலும் மழைதான். அறுந்த இடத்தை ஒட்டி ஒட்டி, கதாநாயகன் வாசலில் கால் வைத்தால் அடுத்த நொடி கட்டிலில் இருப்பான். அன்று இந்தப் படம். படப் பெட்டி பேருந்தில் வந்து இறங்கியதிலிருந்தே ஊருக்குத் திருவிழா. மணலைக் குவித்து உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் அத்தை முறுக்குப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு, இடைவேளை வரை தொடக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறாள். நாகேஷ் கதையை ஆரம்பிக்கிறார். பாலையா நிமிர்ந்து உட்காருகிறார். டப்பென்று படம் அறுந்தது.

விசில், கூச்சல், ஆபரேட்டரின் பரம்பரைக்கே வசவு. அவர் கேபின் ஓட்டை வழியாகத் தலையை நீட்டினார். "ரொம்ப நீளத்துக்குக் கிழிஞ்சிருக்கு, ஒட்ட முடியாது. விட்டுட்டு அடுத்ததுக்குப் போறேன்" என்றார். அவ்வளவுதான், ஆண்கள் பக்கம் எழுந்து நின்றுவிட்டார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "மாமா, நீரு டவுன்ல பாத்தீருல்ல? செஞ்சு காட்டும்!"

மாமா கூச்சப்படுகிற ஆள் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டார், பெஞ்சு ஒன்றை இழுத்துத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். டீக்கடைப் பையன் ஒருவன் நாகேஷ் மாதிரி சத்தம் கொடுக்க ஓடினான். கவனியுங்கள், மாமா நாகேஷைச் செய்யவில்லை. கதை சொல்கிறவனை விட்டுவிட்டுக் கதை கேட்கிறவரை எடுத்துக்கொண்டார். அந்தப் பையன் என்ன சத்தம் போட்டானோ எனக்கு நினைவில்லை. மாமாவின் கண் இடது பக்கம் போனது, துண்டு நழுவியது, கால் மெல்லப் பெஞ்சுக்கு மேல் ஏறியது. கொட்டகை உருண்டது. அத்தை சிரித்த சிரிப்பில் மடி அவிழ்ந்து முறுக்கெல்லாம் மணலில். கொட்டகை முதலாளி ஓடிவந்து "கார்பன் எரியுது, காசு எரியுது, படத்தைப் போடுடா" என்று கத்துகிறார். புரொஜெக்டர் விளக்கு அன்று கார்பன் குச்சியில்தான் எரியும். ஆபரேட்டரும் கேபினை விட்டு இறங்கி வந்து எங்களோடு நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார். அப்புறம் ஒரு வழியாகப் படம் ஓடியது. காட்சி முடிந்து வெளியே போன கூட்டம் ஜெயசங்கரும் பேசவில்லை, ரவிச்சந்திரனும் பேசவில்லை. மாமாவைத்தான் பேசியது. ஜெயசங்கர் அந்தப் படத்திலேயே இல்லை என்று முன்வரிசையில் ஒருவர் கை உயர்த்துகிறார். அதைத்தானே ஐயா சொல்கிறேன், ஏன் பேசப்போகிறது!

நல்ல நடிப்பு செய்கிற வேலை இதுதான். பார்த்தவன் உடம்புக்குள் போய்த் தங்கிவிடுகிறது. வண்டிக்காரர் மாமாவின் சட்டியில் பாலையா இருந்தார். அதனால் அறுந்த பிலிமுக்கு ஈடு கிடைத்தது.

ஆனால் எல்லா அறுந்த பிலிமுக்கும் ஒரு மாமா கிடைப்பாரா? 1931 அக்டோபர் 31-ல் வெளிவந்தது 'காளிதாஸ்'. தமிழ்ப் பேசும் படத்தின் தொடக்கம். டி.பி. ராஜலட்சுமி கதாநாயகி. சென்னையில் கினிமா சென்ட்ரலில் கூட்டம் நெருக்கியடித்துப் பார்த்தது. இன்று அதன் பிரதி இல்லை. அந்த அம்மா எப்படி நடந்தார், எப்படித் திரும்பிப் பார்த்தார், எதைக் கேட்டு முகம் மாறினார் என்று சொல்ல ஒருவரும் இல்லை. புகைப்படம் இருக்கிறது. புகைப்படத்தில் நடிப்பு இருக்குமா? பழைய கறுப்பு வெள்ளைப் பிலிமில் வெள்ளி உண்டு. அதைப் பிரித்தெடுப்பதற்காகவே எடைக்குப் போன படங்கள் உண்டு. ஒரு நடிகையின் வாழ்நாள் உழைப்பைத் தராசில் வைத்து விற்றிருக்கிறோம்.

எதிர்க்கணக்கும் சொல்கிறேன். 1964-ல் வந்த 'கர்ணன்' படத்தை 2012-ல் டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டார்கள். சிவாஜி மறைந்து பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அவர் படம் எதையும் அரங்கில் பார்த்திராத பிள்ளைகளும் டிக்கெட் வாங்கி வந்தார்கள். அம்பு தைத்துக் கிடக்கும் கர்ணனைப் பார்த்து அழுதார்கள். கைப்பேசியில் ஒன்றரை நிமிடத் துண்டாகப் பார்த்திருந்தால் அழுதிருப்பார்களா? துண்டில் வசனம் மட்டும் வரும். அந்த வசனத்துக்கு முன்னால் இரண்டு மணி நேரம் அந்த மனிதர் நமக்குள் சேர்த்து வைத்தது வராது. அங்கேயும் ஒரு பிரதி எங்கோ பிழைத்துக் கிடந்ததால்தான் இது நடந்தது. சட்டியில் இருந்தது ஐயா, சட்டியில் இருந்தது!

புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-லேயே வந்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் தமிழ்ப் படங்களுக்கென்று, குளிரூட்டிய, ஈரப்பதம் கட்டுப்படுத்திய காப்பகம் ஒன்று தமிழ் மண்ணிலேயே வேண்டும் என்று நான் எழுதாத பத்திரிகை இல்லை, மனுக் கொடுக்காத அலுவலகம் இல்லை. இப்போது நகர்மன்ற உறுப்பினர் பக்கத்தில் இருக்கிறார் என்பதால் உள்ளூர்க் கோரிக்கையும் வைக்கிறேன். இந்த நூலகத்தில் மாதம் ஒரு மாலை, ஒரு பழைய படத்தை முழுதாக, விளக்கை அணைத்து, பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட அனுமதி வேண்டும். அவர் தலையை ஆட்டுகிறார். எல்லோரும் சாட்சி.

குரலைப் பற்றிச் சொல்லவில்லையே என்று செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். எம்.ஆர். ராதா குரலை மட்டும் பேசவே ஒரு கூட்டம் வேண்டும், அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த வட்டாரத்தில் கொட்டகை நடத்திய குடும்பங்கள் நிறைய உண்டு. பரணில், மாட்டுக் கொட்டிலில் துருப்பிடித்த வட்டத் தகர டப்பாக்கள் கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். திறந்தால் புளித்த காடி வாடை வரும் டப்பாவைத் தனியே வையுங்கள். அந்தச் சிதைவு பக்கத்து டப்பாவுக்கும் பரவும். 1950-க்கு முந்தைய பிலிம் தீப்பற்றுகிற ரகம், அதைத் தீப்பெட்டி ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டு நூலகர் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். காப்பகம் கேட்டு முதலமைச்சருக்கு அனுப்பும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயரோடு பின்கோடும் எழுதுங்கள். பேனா இல்லாதவர்களுக்கு நான் தருகிறேன், மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வணக்கம்.