சொடக்குச் சத்தமும் நோகும் பாதமும்

நேயர்களுக்கு வணக்கம். "டாக்டர், உட்கார்ந்து எந்திரிச்சா முழங்கால்ல கரக் கரக்குனு சத்தம் வருது, எலும்பு தேஞ்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் மதுரையில் ரொம்பப் பேர். அதே ஆள் காலையில் பாதம் ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்து நடப்பதை நான் கேட்டால்தான் சொல்கிறார். எனக்கு அந்தப் பாதம்தான் முக்கியம்.

முதலில் சத்தத்தை முடித்துவிடுவோம். மூட்டுக்குள் வழவழப்பான ஒரு திரவம் இருக்கிறது. விரலை இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து வாயுக்குமிழி உண்டாகிறது, சொடக்கு அதனால் வருவது. மறுபடி சொடக்கு விழ ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். சொடக்கு எடுத்தால் மூட்டுவாதம் வரும் என்று வீட்டில் பயமுறுத்தியதால், டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 60 வருடத்துக்கும் மேலாக இடது கையில் மட்டும் சொடக்கு எடுத்துப் பார்த்தார், கடைசியில் இரண்டு கையிலும் வாதம் இல்லை. 2009-இல் அதற்கு, சிரிக்க வைத்து யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் கொடுத்தார்கள். ஒரே ஒரு ஆளின் கைதான், இருந்தாலும் அந்தப் பொறுமைக்குக் கும்பிடு போடலாம். சலூனில் கழுத்தைத் திருகி நெட்டி எடுப்பது மட்டும் வேண்டாம், அங்கே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிய வாய்ப்பு உண்டு.

விரலோ முழங்காலோ, சத்தத்தோடு வலி, வீக்கம், மூட்டு பிடித்துக்கொள்வது என்று ஏதாவது சேர்ந்தால்தான் தேய்மானம், ஜவ்வு என்று யோசிக்க வேண்டும்.

இப்போது பாதத்துக்கு வருவோம். எப்போது வலிக்கிறது என்று சொல்லுங்கள், பாதி நோய் அதிலேயே பிடிபட்டுவிடும். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கிற முதல் அடியில் குதிகாலில் ஊசி குத்தி, நாலு எட்டு நடந்ததும் குறைந்தால், அது பெரும்பாலும் உள்ளங்கால் தசைநார் அழற்சி. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவர்கள், தேய்ந்துபோன ரப்பர் செருப்போடு அலைகிறவர்கள், எடை கூடியவர்களுக்கு இது சகஜம். கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியும் மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பும் பலருக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும்.

ராத்திரி படுத்தால் இரண்டு பாதமும் எரிகிறது, மதமதவென்று இருக்கிறது என்றால் சர்க்கரையைப் பாருங்கள். வைட்டமின் பி12 குறைவும் அப்படிச் செய்யும், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறைய வாய்ப்பு அதிகம். உணர்ச்சியே போன பாதம் இன்னும் மோசம், ஏனென்றால் அது வலிக்காது. சித்திரைத் திருவிழாவில் வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்துவிட்டு, உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் வந்ததை வீட்டுக்குப் போய் மகள் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்துகொள்வார்கள். இவர்களுக்கு வெந்நீர் ஒத்தடமும் ஆபத்துதான்.

கை, கால் இரண்டிலும் சின்ன மூட்டுகள் நொந்து, காலையில் ஒரு மணி நேரமாவது விறைத்துக் கிடந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். கால் பெருவிரல் அடியில் திடீரென்று ராத்திரியில் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போனால் ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடியிருக்கலாம். உடம்பெல்லாம் நொந்து, தரையிலிருந்து எழவே கையை ஊன்ற வேண்டியிருந்தால் வைட்டமின் டி, தைராய்டு இரண்டையும் பார்க்கலாம். சின்ன வயதிலிருந்தே கட்டைவிரலை முன்கை தொட வளைக்கிறவர்களுக்கு மூட்டு தளர்வு, அதனால் சத்தமும் வரும், பாதம் தட்டையாகி வலியும் வரும். இது ரத்தப் பரிசோதனையில் தெரியாது.

மருந்துக்கடையில் "செட்டு மாத்திரை" என்று பொட்டலம் கட்டித் தருவதை வாங்கிப் போடாதீர்கள். சில சமயம் ஸ்டீராய்டு இருக்கும், வலி மாயமாய்ப் போகும், சர்க்கரை ஏறிவிடும்.

ஒரு மூட்டு மட்டும் சூடாக வீங்கி, கூடவே காய்ச்சலும் இருந்தால் தைலம் தடவிக்கொண்டு காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.