வட்ட யன்னலுக்குள் வந்த பெண்

(இலண்டனில் ஒரு தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, இந்தப் பள்ளிக்கூடத்தைத் தன் பிள்ளையைப் போல வளர்த்துவரும் அதிபர் அம்மா அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு இடையில் நமக்காக நேரம் ஒதுக்கி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, ஆலய அறங்காவலர் சபையின் பெரியோர்களே, மண்டபத்தை இலவசமாகத் தந்த அன்பர் அவர்களே, சனிக்கிழமை நித்திரையை மறந்து ஓடி வரும் ஆசிரியைகளே, பெற்றோரே, வெள்ளைச் சட்டையும் பாவாடையுமாக மேடையின் ஓரத்தில் காத்திருக்கும் என் செல்லங்களே, எல்லோருக்கும் வணக்கம். மங்கல விளக்கேற்றிய மருத்துவர் ஐயாவை விட்டுவிட்டேன். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். நான் எந்த மேடையில் ஏறினாலும் இந்தப் பழமொழியோடுதான் தொடங்குவேன். இன்றைக்கு இதை ஒரு பெண்மணியின் வாழ்க்கையை வைத்துச் சொல்லப்போகிறேன். பெயர் ஃபுளோயெல்லா பெஞ்சமின், பிள்ளைகளின் தொலைக்காட்சி நிகழ்ச்சியால் இந்த நாடே அறிந்தவர். மூன்று விடயங்கள் பேச நினைத்திருக்கிறேன்: அவர் எப்படி வந்தார், தொலைக்காட்சிக்குள் எதை மாற்றினார், பாராளுமன்றத்தில் எதற்காகப் போராடினார்.

1949இல் கரீபியன் தீவான ட்ரினிடாட்டில் பிறந்தவர். தாய் தகப்பன் முன்னதாக இங்கிலாந்துக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைகளில் சிலர் அங்கே வேறு ஆட்களின் வீட்டில் விடப்பட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் தாயின் முகம் காணாத தவிப்பு. 1960இல், பத்து வயதில், சகோதரங்களோடு கப்பலேறி வந்து சேர்ந்தார். இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்! முதலில் தகப்பன், பிறகு தாய், கடைசியில் பிள்ளைகள் என்று துண்டு துண்டாக வந்து ஒன்றுசேர்ந்த குடும்பங்கள்தானே நாங்களும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பிள்ளைகளே, நீங்களும் கேளுங்கோ. அப்போது அவருக்குப் பதினான்கு வயது. தாய் கடைக்கு அனுப்புகிறார். வீதியில் ஒரு பையன் நிற்கிறான், வாயில் லொலிபொப். இவரைக் கண்டதும் தோலின் நிறத்தைச் சொல்லி வசைபாடுகிறான். வந்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் கேட்டுக் கேட்டு நெஞ்சு புண்ணாகிப்போன வார்த்தைகள். கைச்சண்டையும் அவருக்குப் பழகிப்போயிருந்தது. பாய்ந்து போய் அந்த லொலிபொப்பை அவன் தொண்டைக்குள் தள்ளிவிட்டார். அவனுக்கு மூச்சு முட்டுகிறது. முகத்தின் நிறம் மாறுகிறது. நினைத்துப் பாருங்கோ, இன்னும் சில நொடி போயிருந்தால் அந்தப் பையன் என்ன ஆகியிருப்பான்? இந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும்? அந்த நேரத்தில் உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். என் நிறம் இவனுக்குப் பிடிக்கவில்லை என்றால் அது இவனுடைய பிரச்சினை, என்னுடையது இல்லை. லொலிபொப்பை வெளியே இழுத்தார், விலகி நடந்தார். அன்றைக்கு எடுத்துக்கொண்ட ஆயுதம்தான் புன்னகை. அதைப் பின்னாளில் முழு நாடும் பார்த்தது.

பதினாறு வயதில் படிப்பை விட்டு வங்கியில் வேலை. பிறகு மேடை இசை நாடகங்கள். 1976இல் பிபிசியின் குழந்தைகள் நிகழ்ச்சியான 'பிளே ஸ்கூல்' அழைத்தது. அந்த நிகழ்ச்சி தொடங்கியதே ஒரு கதை. 1964 ஏப்ரல் 20ஆம் திகதி பிபிசி 2 தொடங்க வேண்டிய இரவில் இலண்டனில் மின்சாரம் போய்விட்டது. அதனால் மறுநாள் காலையில் அந்த அலைவரிசையில் முறைப்படி வந்த முதல் நிகழ்ச்சியே குழந்தைகளின் இந்த நிகழ்ச்சிதான். சதுரம், வட்டம், வளைவு என்று மூன்று யன்னல்கள். அதில் ஒன்றின் வழியாக ஒரு சிறு படத்துக்குள் போவார்கள். இன்றைக்கு எந்த யன்னலுக்குள் போகப்போகிறோம் என்று பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

என் மகளும் காத்திருந்தாள். 1986இல் அவளுக்கு மூன்று வயது. நாங்கள் ஓர் ஒற்றை அறையில் இருந்தோம். எனக்கு ஆங்கிலம் வாயில் வராது. தலைமுடியில் மணிகள் கோத்த அந்தப் பெண் திரையில் வந்ததும் மகள் ஓடிப்போய் தொலைக்காட்சிக் கண்ணாடியில் கை வைப்பாள். "அம்மா, எங்கட மாதிரி" என்பாள். இந்த நாட்டில் எங்கள் நிறத்துக்குக் கிடைத்த முதல் வரவேற்பு அது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்த நிகழ்ச்சியில் காட்டிய கதைப் படங்களில் எல்லா முகமும் வெள்ளையாகவே இருந்ததைக் கண்ட ஃபுளோயெல்லா, கறுப்புப் பிள்ளைகளும் ஆசியப் பிள்ளைகளும் வரக்கூடாதா என்று தயாரிப்பாளரிடம் கேட்டார். தாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை என்று பதில் வந்தது. பிறகு படங்கள் மாறின. கேட்டார், மாறியது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கோ, நகரசபை உறுப்பினர் அவர்களே, நான் இதற்குத் திரும்பி வருவேன்.

2010இல் பாராளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபைக்குப் போனார். 2023இல் மன்னர் சார்ல்ஸின் முடிசூட்டு விழாவில் புறா பொறித்த செங்கோலை ஏந்தி நடந்தார். பிள்ளைப் பருவம் ஆயுள் முழுதும் நீடிக்கும் என்பது அவர் ஓயாமல் சொல்லும் வாக்கு. கேட்டீர்களா? ட்ரினிடாட்டில் பிறந்தவர் சொன்னாலும், யாழ்ப்பாணத்தில் என் அம்மம்மா சொன்னாலும் அது ஒன்றுதான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். அந்தச் சபைக்குப் போகும் முன்பே, குழந்தைகளுக்கென்று ஓர் அமைச்சர் வேண்டும் என்று இருபது வருடம் கேட்டார். 2003இல் அந்தப் பதவி உருவானது.

இருபது வருடம்! கேட்டார், மாறியது என்றேனே, நகரசபை உறுப்பினர் அவர்களே, நாங்கள் உங்களிடம் கேட்கத் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. நம் ஊர் நூலகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் புதன்கிழமை காலையில் ஆங்கிலத்தில் பாட்டும் கதையும் நடக்கிறது. நல்ல விடயம், நானே பேரனைக் கூட்டிக்கொண்டு போகிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு மணித்தியாலம், அதே கம்பளத்தில் தமிழில் கதை சொல்ல இடம் தாருங்கோ என்றுதான் கேட்கிறோம். சம்பளம் வேண்டாம். கதை சொல்ல ஆறு அம்மம்மாமார் ஆயத்தமாக இருக்கிறார்கள். ஐந்து வயதில் தமிழ்ப் பள்ளிக்கு வரும் பிள்ளை ஆனா ஆவன்னாவைப் பாடமாகத்தான் காண்கிறது. இரண்டு வயதில் மடியில் கேட்ட பிள்ளைக்கு அது வீட்டுச் சத்தம். வீட்டில் கைத்தொலைபேசியைக் கொடுத்துப் பிள்ளையை அடக்கும் பெற்றோரே, உங்களைக் குறை சொல்லவில்லை. இரண்டு வேலை செய்துவிட்டு வருகிறீர்கள், எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த ஒரு மணித்தியாலத்தை நாங்கள் கேட்கிறோம்.

பிரபுக்கள் சபையில் அவர் நடத்திய போராட்டங்களைப் பற்றியும் பேச நினைத்தேன். அதற்குள் அவைத்தலைவர் மணி அடித்துவிட்டார். பிள்ளைகளின் கோலாட்டம் காத்திருக்கிறது.

வாசலில், தேநீர் மேசைக்குப் பக்கத்தில், பச்சை மட்டைக் கொப்பி ஒன்று இருக்கிறது. இதுவரை அதில் நூற்றுப் பதினான்கு பெயர்கள். போகும்போது உங்கள் பெயரையும் பிள்ளையின் வயதையும் எழுதி ஒப்பமிடுங்கோ. எட்டு மணிக்கு அந்தக் கொப்பியை நகரசபை உறுப்பினர் அவர்களின் கையிலேயே கொடுக்கப்போகிறேன். நன்றி, வணக்கம்.