அரைத்தாளில் வந்த கேள்வி

நேயர்களுக்கு வணக்கம். இந்த வருடம் முதன்முதலாகக் கல்லூரி வகுப்புக்குள் கால் வைத்திருக்கும் இளம் ஆசிரியர்களை மனதில் வைத்துத்தான் இன்று பேசப்போகிறேன். கௌரவ விரிவுரையாளர்களும் அதில் அடக்கம். சேலத்துக் கல்லூரி ஒன்றில் 28 வருடம் கணிதம் சொல்லிக்கொடுத்தவள் நான்.

என்னைப் பார்க்க வரும் இளம் ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஒரே குறைதான். "வகுப்பில் யாருமே வாய் திறப்பதில்லை மேம். புரிந்ததா என்று கேட்டால் புரிந்தது என்கிறார்கள். இன்டர்னல் பேப்பரைத் திருத்தினால் எட்டு மார்க், ஒன்பது மார்க்."

நானும் பல வருடம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். 60 பேர் நடுவில் எழுந்து நின்று "புரியவில்லை" என்று சொல்ல எந்தப் பிள்ளைக்குத் தைரியம் வரும்? அதிலும் நம் ஊர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிறவர் மகள், சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவர் மகன் என்று வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்களுக்கு இங்கே முதல் நாளே பாடம் ஆங்கிலத்தில்.

ஒரு வருடம், வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஆளுக்கு ஓர் அரைத்தாளைக் கிழித்துக்கொள்ளச் சொன்னேன். "இன்று எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள்? ஒரே வரி போதும். தமிழில் எழுதலாம். பெயர் வேண்டாம்."

அன்று நடத்தியது கணங்கள், அதாவது செட்ஸ். 'லெட் எக்ஸ் பீ ஆன் ஆர்பிட்ரரி எலிமென்ட் ஆஃப் ஏ' என்று தொடங்குகிற நிரூபணம். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்தத் தாள்களைப் படித்துக்கொண்டே போனேன். முக்கால்வாசியில் "எல்லாம் புரிந்தது" என்றுதான் இருந்தது. ஒரு தாளில் மட்டும், பென்சிலில், சின்ன எழுத்தில் ஒரு கேள்வி: "ஆர்பிட்ரரி என்பது எந்த எண் மேம்?"

நான் எங்கே கோட்டை விட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. கரும்பலகை நிறைய எழுதிய நிரூபணம் முழுவதும் அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது. அதை நான் ஒரு நாளும் விளக்கியதே இல்லை.

மறுநாள் அந்தக் கேள்வியை அப்படியே பலகையில் எழுதினேன். "ஏதோ ஒரு உறுப்பு, எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்றேன். பாதிப் பேர் தலையாட்டினார்கள். மூன்றாவது பெஞ்சில் இருந்த, இளம்பிள்ளை என்ற ஊரிலிருந்து வரும் பெண் மெதுவாக எழுந்தாள். "மேம், எங்க வீட்டுக்குச் சேலை எடுக்க வர்ற யாவாரி கட்டுக்கு நடுவுல இருந்து ஒண்ண உருவிப் பிரிச்சுப் பார்ப்பாரு. எதை உருவுவாருன்னு நமக்குத் தெரியாது. எதை உருவுனாலும் குறை இருக்கக் கூடாது. அப்படித்தானே?"

அப்படியேதான். எதை உருவினாலும் சரியாக இருக்கிறது என்று காட்டிவிட்டால், கட்டு முழுவதும் சரி. அதற்கு மேல் அந்த நிரூபணத்தில் ஒன்றும் இல்லை. ஓய்வு பெறும் வரை அந்தச் சேலைக்கட்டைச் சொல்லித்தான் அந்தப் பாடத்தைத் தொடங்கினேன். பென்சிலில் எழுதிய பிள்ளை யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அரைத்தாளை வாங்கிவிட்டு மறுநாள் அதைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடாதீர்கள். இரண்டு தடவை அப்படி நடந்தால் மூன்றாவது தடவை எல்லாத் தாளிலும் "புரிந்தது" என்றுதான் வரும்.

அப்புறம், கேள்வி கேட்டால் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் பள்ளி அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். பிறகு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார்கள், அல்லது தாங்களே பதிலைச் சொல்லிவிடுவார்கள். அதை மூன்று வினாடியாக்கியபோது பதில்கள் நீண்டன. பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். மூன்று வினாடி என்பது கேட்கச் சின்னது. பலகை முன்னால் நிற்கும்போது அது எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்ட கேள்வியைத் தமிழில் யோசித்து, மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவர்களுக்கு நான் ஐந்து வரை எண்ணுவேன். தமிழில் பதில் சொன்னாலும் வாங்கிக்கொள்வேன். ஆங்கிலச் சொல்லைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் பற்றி இவ்வளவு நேரம் சொன்னேன். வராத பிள்ளைகள் விஷயத்தில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

ஏர்க்காட்டுக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்திலிருந்து ஒரு மாணவன் வந்துகொண்டிருந்தான். காலையில் முதல் பெஞ்சில் இருப்பான். மத்தியானம் கடைசி மணி நேரத்தில் இருக்கமாட்டான். 75 சதவீத வருகை என்ற விதியைச் சொல்லி அவனை எல்லோர் முன்னாலும் திட்டினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் தனியாகக் கூப்பிட்டு, "ஏன் தம்பி?" என்று கேட்டேன். "ஏர்க்காடு போயி, அங்கிருந்து எங்க ஊருக்கு வேற பஸ் மேம். அத விட்டா நடந்துதான் போகணும்" என்றான். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, இன்னொரு பஸ் பிடித்து, பனி மூடிய நாளில் இன்னும் தாமதமாகிப் போகிற பிள்ளைக்கு நான் இன்டர்னல் தேர்வைக் கடைசி மணி நேரத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஆகவே வருகைப்பதிவில் தொடர்ந்து இரண்டு நாள் ஆப்சென்ட் விழுந்தால், தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். பஸ்ஸாக இருக்கும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கும், இரவுத் தறி ஓட்டிவிட்டு வந்திருப்பான். தமிழக அரசின் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் வரவேண்டிய 1000 ரூபாய் வங்கிக் கணக்குச் சிக்கலில் நின்றுபோய், யாரிடம் கேட்பது என்று தெரியாமலும் இருக்கலாம். அலுவலகம் வரை கூடவே போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஓர் ஆசிரியர் தீர்த்துவிட முடியாதுதான். மலையிலிருந்து வரும் பஸ் நேரத்தை என்னால் மாற்ற முடியவில்லை. ஆனால் ஸ்டாஃப் ரூமில் தமிழ்த்துறை ஆசிரியர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில், காலை இரண்டாவது மணி நேரத்தை எனக்குக் கொடுத்துவிட்டு என் கடைசி மணி நேரத்தை அவர் வாங்கிக்கொண்டார். நாங்கள் இருவருமாக முதல்வரிடம் போய்க் கையெழுத்து வாங்கினோம். அடுத்த இன்டர்னலை அந்தப் பையன் முதல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினான்.

நன்றி, வணக்கம்.