படத்தின் கீழ் ஓரத்தில் ஒரு பெயர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். எங்கள் துறையில் ‘வைட் ஐகோன்ஸ்’ என்றால் தெரியாதவர் இல்லை; ராபர்ட் வைட் வெளியிட்ட இந்தியத் தாவரப் பட நூல் அது. மலையிலிருந்து பறித்துவந்த செடி இன்னதென்று பிடிபடாமல் விழிக்கும்போது, கடைசியில் போய் நிற்பது அந்த ஆறு தொகுதிகளின் முன்னால்தான். 1838 முதல் 1853 வரை சென்னையில் அச்சானவை. மொத்தம் 2101 படங்கள். படத்தோடு செடியை ஒப்பிட்டு, ‘வைட், இத்தனையாம் படம்’ என்று குறித்துவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவோம். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் எழுதினேன்.

ஒருநாள் ஒரு பூவின் மகரந்தப்பை பற்றிச் சந்தேகம். படத்தின் மேல் கைலென்ஸை நகர்த்திக்கொண்டே போனேன். கீழ் ஓரம்வரை வந்தபோது பொடி எழுத்தில் ஒரு பெயர் தென்பட்டது: ரங்கையா. பக்கத்தில் ‘டெல்.’ என்று இருந்தது. ‘வரைந்தவர்’ என்பதற்கான லத்தீன் சொல்லின் சுருக்கம் அது. அடுத்தடுத்த பக்கங்களைப் புரட்டினேன். பிந்தைய தொகுதிகளுக்கு வந்தபோது இன்னொரு பெயர்: கோவிந்து. என் வாழ்நாள் முழுவதும் நான் பயன்படுத்திய படங்களை வரைந்தவர்கள் இவர்கள். அன்றுவரை எனக்கு இவர்கள் பெயர் தெரியாது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ராபர்ட் வைட் ஸ்காட்லாந்துக்காரர். 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். நாகப்பட்டினம், பாளையங்கோட்டை என்று மாற்றலாகிப் போன இடமெல்லாம் செடி சேர்த்தார். 1842 முதல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் வேலை. 1853இல் ஊர் திரும்பும்வரை அவருக்காக வரைந்துகொண்டே இருந்தவர்கள் முதலில் ரங்கையா, 1840களின் நடுவிலிருந்து கோவிந்து.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செடி பறித்த சில மணி நேரத்தில் வாடத் தொடங்கிவிடும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அதற்குள் இலையின் அமைப்பு, தண்டில் உள்ள மயிர், மொட்டின் சரிவு எல்லாம் தாளில் ஏறிவிட வேண்டும். பிறகு பூவைப் பிளந்து நுண்ணோக்கியின் கீழ் வைப்பார்கள். சூலகத்தின் குறுக்கு வெட்டில் எத்தனை அறைகள், விதை எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்பதையெல்லாம் பல மடங்கு பெரிதாக்கி அதே தாளின் அடியில் வரைய வேண்டும். மேலே கண் பார்க்கும் செடி. கீழே கண்ணுக்கு எட்டாத செடி.

செங்காந்தள் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கப் புலவர்கள் விரலுக்கு உவமை சொன்ன பூ. அதன் இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகி, பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு ஏறும். இதழ்கள் பின்னோக்கி மடங்கும். கேசரங்கள் குடைக்கம்பிபோல் பக்கவாட்டில் விரியும். வண்ணமே இல்லாத கல்லச்சுப் படத்தில், கோட்டை வைத்து மட்டுமே இத்தனையையும் காட்ட வேண்டியிருந்தது. நான் கரும்பலகையில் முயன்றுபார்த்திருக்கிறேன். இதழ் மடங்கும் இடத்தில் கோடு உடைந்துபோகும்.

ரங்கையாவின் பெயர் அச்சானது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமல்ல. சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றி வில்லியம் ராக்ஸ்பரோ செய்த பெரிய நூல் 1795இலிருந்து லண்டனில் வெளியானது. 300 வண்ணப் படங்கள். மூலச் சித்திரங்களைத் தீட்டியவர்கள் இந்தியர்கள். அந்தப் படங்களில் அவர்களுடைய பெயரைத் தேடிப் பயனில்லை.

தஞ்சாவூரிலும் இதே கதைதான். துரைமார்களுக்காக அங்கே கட்டுக்கட்டாகப் படங்கள் தீட்டப்பட்டன. கணவனும் மனைவியுமாக நெசவாளர், குயவர், பாம்பாட்டி என்று தொழிலுக்கும் சாதிக்கும் ஒரு ஜோடி. திருச்சிராப்பள்ளியில் காக்காப்பொன் தகட்டில் தீட்டினார்கள். ஒரு அட்டையில் முகம் மட்டும் இருக்கும். தகடுகளில் உடை மட்டும் இருக்கும். தகட்டை மாற்றி மாற்றி வைத்தால் ஒரே முகம் சிப்பாயாகும், பண்டாரமாகும். சீமைக்குக் கொண்டுபோக இலேசான பரிசுப்பொருள். வாங்கியவர்களின் குடும்பப் பெயர் அருங்காட்சியகப் பதிவேடுகளில் உண்டு. வரைந்தவரின் இடத்தில் பெரும்பாலும் வெற்றிடம்தான்.

கல்கத்தா ஒரு விதிவிலக்கு. அங்கே தலைமை நீதிபதியாக இருந்த எலிஜா இம்பேயின் மனைவி மேரி, தம் வீட்டில் பறவைகளையும் விலங்குகளையும் வளர்த்தார். அவற்றை வரைய பாட்னாவிலிருந்து வந்த ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் மூவரையும் அமர்த்தினார். 1770களின் பிற்பகுதியில் தொடங்கிய அந்த வேலையில் முந்நூறுக்கு மேற்பட்ட படங்கள் உருவாயின. ஓவியர் பெயரும் தாளிலேயே எழுதப்பட்டது. சந்தனக் கிளையில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை ஒன்றை ஜைனுத்தீன் தீட்டியிருக்கிறார். பவானி தாஸ் வரைந்ததாகக் கருதப்படும் பழந்தின்னி வௌவால் ஒன்று நியூயார்க்கில் இருக்கிறது. ஒரு சிறகை முழுக்க விரித்து, மற்றதை மடக்கிக்கொண்டிருக்கிறது. மயிர் மயிராகத் தீட்டப்பட்ட உடல். முகலாய மினியேச்சரில் பழகிய கை, வெறும் வெள்ளைத் தாளில் ஓர் உயிரைத் தனியே நிறுத்தியிருக்கிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துக் ‘கம்பெனி ஓவியம்’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. காகிதமும் கூலியும் துரைமார் கொடுத்தது. இன்ன மாதிரி வேண்டும் என்று கேட்டதும் அவர்கள்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்த்த கண்ணும் வரைந்த கையும் கம்பெனிக்குச் சொந்தமல்ல. பாடப்புத்தகத்தில் பெயர் தெரிந்த இடத்திலாவது ‘ரங்கையா வரைந்தது’, ‘ஜைனுத்தீன் வரைந்தது’ என்று போடலாமே. என் மாணவர்களின் ஆய்வேடுகளில் அப்படித்தான் போடச் சொன்னேன். சிலர் முகம் சுளித்தார்கள்; போட்டார்கள்.

வைட் ஒரு காரியம் செய்தார். தம்மிடம் வேலை பார்த்த ஓவியரின் பெயரையே ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குச் சூட்டினார்: கோவிந்தூயா. பின்னால் வந்த ஆய்வாளர்கள், அது முன்பே டிராபிடியா என்று பெயரிடப்பட்ட பேரினம்தான் என்று கண்டார்கள். தாவரவியல் விதிப்படி முந்திய பெயரே நிற்கும். அதனால் கோவிந்தூயா இன்று இணைப்பெயர்ப் பட்டியலில், சாய்வெழுத்தில் மட்டும் இருக்கிறது.

டிராபிடியா மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டு நிழலில் இப்போதும் வளர்கிறது. பனங்கன்றின் இலைபோல் மடிப்பு மடிப்பான இலை, சிறிய பூக்கள், பலரும் மிதித்துக் கடந்துபோய்விடுவார்கள். ஐகோன்ஸ் தொகுதிகள் இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1853இல் வந்த ஆறாம் தொகுதியில் ஆர்க்கிட்களின் பக்கங்களுக்குப் போங்கள். படத்தின் அடியில் ‘கோவிந்தூயா நெர்வோசா’ என்று அச்சாகியிருக்கும்.

நன்றி, வணக்கம்.