வாட்ஸ்அப்பா, வாசலா?

('முதல் வகுப்புப் பிள்ளையின் கற்றல் பற்றிப் பெற்றோருக்குச் செய்தி சேர வேண்டியது வாட்ஸ்அப்பிலா, பள்ளி வாசலிலா?' என்ற பட்டிமன்றத்தில் 'வாசலிலே' என்ற அணிக்காகப் பேசிய உரை)

நடுவர் அவர்களே, கைப்பேசியை மடியிலேயே வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, வயல் வேலை முடித்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

எனக்கு முன் பேசியவர் நன்றாகவே பேசினார். தினமும் மாலையில் வகுப்புக் குழுவில் 'இன்றைய பாடம்' வந்துவிடுகிறது, நோட்டின் படம் வருகிறது, பிள்ளை படிக்கும் காணொளி வருகிறது, நடவில் நிற்கும் தாய் வரப்பில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம், கூலியைக் கெடுத்துக்கொண்டு பள்ளிக்கு வர வேண்டியதில்லை என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். ஆனால் பேச்சின் நடுவே அவருடைய கைப்பேசி இரண்டு முறை அடித்தது; இரண்டு முறையும் அவர் எடுக்கவில்லை. எதிரே ஆட்கள் இருக்கும்போது பேச வேண்டியது ஆட்களோடுதான் என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது. என் வேலை பாதி முடிந்தது.

மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தாயிற்று என்று செய்தி வந்தால், அன்றைக்கே வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருக்கும் தலைஞாயிற்றில் யாராவது நாற்று விடுகிறார்களா? தண்ணீர் கல்லணைக்கு வர வேண்டும், வெண்ணாற்றில் திரும்ப வேண்டும், வாய்க்கால் தூர்ந்து போயிருக்கக் கூடாது, மதகு திறக்க வேண்டும். கடைமடை விவசாயி வாய்க்காலில் காலை நனைத்த பிறகுதான் நம்புவார். குழுவில் செய்தி போட்டாயிற்று, நீலக் குறி விழுந்துவிட்டது என்பது மேட்டூர்க் கணக்கு. நான் கடைமடைக் கணக்குப் பேச வந்திருக்கிறேன்.

கடைமடையில் இருப்பவர் யார்? வீட்டில் ஒரே ஒரு நல்ல கைப்பேசி என்றால் அது அப்பாவிடம் இருக்கிறது. அப்பா திருப்பூரில் இருக்கிறார், அல்லது சிங்கப்பூரில். 'இன்று ப, ட, ம எழுதினோம்' என்ற செய்தி பனியன் கம்பெனியில் இரவு ஷிப்டுக்குக் கிளம்புகிறவருக்குப் போகிறது. அவரும் பொறுப்பாக ஒரு கும்பிட்ட கையை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார். பிள்ளைக்குத் தலை பின்னி, சோறு போட்டு, பையை எடுத்துக் கொடுப்பது அப்பாயி, அப்பாவைப் பெற்றவர். குழுவில் அப்பாயி இல்லை. மாலையில் பள்ளி வாசலில் நிற்பது அப்பாயிதான்.

நான் முதல் வகுப்பு ஆசிரியை. எதிரணியினர் பெரிதாகச் சொன்ன அந்தக் காணொளிக்கு வருகிறேன். ஒரு சிறுமி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நான்கு வரியையும் மடமடவென்று படிப்பாள். குழுவில் போட்டால் இருபது பூங்கொத்து வரும். ஒரு நாள் மாலை அந்தப் பிள்ளையின் அம்மாவை வாசலில் நிறுத்தி, அவர் கண் முன்னாலேயே படிக்கச் சொன்னேன். படித்தாள். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பிறகு பக்கத்தில் இருந்த படத்தை என் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மூன்றாம் வரியின் நடுவில் 'படம்' என்ற சொல்லில் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டேன். பிள்ளை என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், முதல் வரியிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினாள். சொல்லிக்கொண்டே வந்து மூன்றாம் வரியில் அந்த இடத்தை அடைந்ததும் 'படம்' என்றாள்.

அவள் எழுத்தைப் படிக்கவில்லை. பாடலாக மனப்பாடம் செய்திருந்தாள். அது குற்றமில்லை, படிக்கக் கற்கும் வழியில் பல பிள்ளைகள் அந்த இடத்தைக் கடந்துதான் வருகிறார்கள். ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. இதை நான் எழுதி அனுப்பியிருந்தால், 'உங்கள் மகளுக்கு எழுத்து தெரியவில்லை' என்று அந்த அம்மா படித்திருப்பார், பிள்ளையின் முதுகில் இரண்டு வைத்திருப்பார். கண்ணால் பார்த்ததால், "அப்படியென்றால் நடுவில் நடுவில் விரல் வைத்துக் கேட்கவா, டீச்சர்?" என்று கேட்டார். நான் சொல்லிக்கொடுக்க நினைத்ததே அதுதான். அவராகவே கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்தது நிலை. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. கொரோனாவில் விட்டுப்போனதை மீட்க வேண்டும், எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுத்தும் அடிப்படைக் கணக்கும் வர வேண்டும் என்பது நோக்கம். ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புகளில் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துக் கற்பிக்கிறோம்; அரும்புதான் தொடக்க நிலை. திட்டத்தின் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு வீட்டில் முதல் வகுப்புத் தங்கையும் அரும்பு, மூன்றாம் வகுப்பு அண்ணனும் அரும்பு என்றால் பெற்றோர் என்ன நினைப்பார்கள்? "பையனை இரண்டு வகுப்பு இறக்கிவிட்டீர்களா?" என்றுதான் வாசலில் ஒரு தந்தை என்னிடம் கேட்டார். விட்டுப்போன எழுத்துகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம், பிடித்ததும் மேலே போவான் என்று அவன் நோட்டையே விரித்துக் காட்டினேன். கோபம் தணிந்தது. இதே பட்டியலைக் குழுவில் போட்டிருந்தால் அந்தப் பையனின் நிலை ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். எவள் 50 வரை எழுதுகிறாள், எவன் 20-இல் நிற்கிறான் என்று ஒப்பிட்டு அடி வாங்கும் பிள்ளைகள் போதாதா?

நடுவர் அவர்களே, எதிரணி மறந்த ஒன்று உண்டு. செய்தி பள்ளியிலிருந்து வீட்டுக்கு மட்டும் போவதில்லை. பத்து, ஒன்று என்ற இடமதிப்பைக் கற்பிக்க, பத்துக் குச்சிகளை நூலால் கட்டி ஒரு கட்டு என்று வைப்போம். பதிமூன்று என்றால் ஒரு கட்டும் மூன்று குச்சியும். ஒரு பிள்ளைக்கு இது பிடிபடவில்லை; 13 என்றால் 31 என்று எழுதிக்கொண்டே இருந்தான். அவன் அம்மா நாற்றுப் பறிக்கப் போகிறவர். வாசலில் அவரிடம் குச்சிகளைக் கொடுத்துக் காட்டினேன். வாங்கி, நூலை என்னைவிட வேகமாகச் சுற்றி, "நாற்றைக் கட்டி முடி போடுகிற மாதிரிதானே டீச்சர்? முடி தனி, உதிரி தனி" என்றார். பையன் நாற்றங்கால் கரையில் விளையாடி வளர்ந்தவன். மறுநாள் வகுப்பில், "எத்தனை முடி, எத்தனை உதிரி?" என்று கேட்டேன். அவனோடு சேர்ந்து இன்னும் நான்கு பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. இந்தப் பாடத்தை எனக்கு எந்தப் பயிற்சி முகாமிலும் கற்றுத் தரவில்லை. குழுவில் அந்த அம்மா எனக்கு இதை எழுதியிருப்பாரா? அவர் குழுவில் இதுவரை எதுவுமே எழுதியதில்லை.

நேரம் எங்கே என்றார்கள். விடியலில் வயலில் இறங்கும் நடவுக் கூட்டம் பிற்பகலில் கரையேறிவிடுகிறது. பள்ளி விடும் மணி நான்கை ஒட்டித்தான் அடிக்கிறது. எல்லாரையும் ஒரே நாளில் வரச்சொல்லித் திருவிழா நடத்தச் சொல்லவில்லை. நாளுக்கு மூன்று வீடு, வீட்டுக்கு ஐந்து நிமிடம். 18 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆறு வேலை நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். வர முடியாதவருக்குப் பதில் அப்பாயி வரட்டும், சித்தி வரட்டும். விஜயதசமிக்குக் கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் பிள்ளையின் விரலைப் பிடித்து நெல்லில் எழுத வைக்க எவ்வளவு நேரம் வரிசையில் நிற்கிறோம்! அதைக் காணொளியில் நடத்திக்கொள்ளலாம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

கைப்பேசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐப்பசி மழையில் விடுமுறையா இல்லையா என்று காலையில் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல கருவி கிடையாது. பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறதே என்றும் ஒருவர் கேட்டார். இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் அங்கே பேச வேண்டியவைதான். ஆனால், 'என் மகள் ஏன் 3-ஐத் திருப்பிப் போடுகிறாள்?' என்று அந்தக் கூட்டத்தில் எந்தத் தாயும் எழுந்து கேட்க மாட்டார். ஆறு வயதில் அது பல பிள்ளைகளிடம் உண்டு, எழுத எழுதப் பெரும்பாலும் சரியாகிவிடும், அடிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் வாசலில்தான் கிடைக்கிறது.

மணி அடித்துவிட்டது, நடுவர் முறைக்கிறார், முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அப்பாயிகளில் யாரையாவது ஒருவரை எழுப்பி, நேற்று வகுப்பில் பேத்தி என்ன படித்தாள் என்று குழுவில் வந்த செய்தியைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லிவிட்டால் நானே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.